கிட்டாருக்கு எர்த் புடிக்கறவன்

சித்த அந்தப் பையை அக்கட்டால திருப்பி வைங்க சார். இல்லீங்க, இடிக்குதுன்னு சொல்லல. உள்ள இருக்கறது கிட்டாருங்களா? பாத்ததுமே நெனச்சேன். சும்மா கிட்டாரா, கரண்டு கிட்டாரா? சும்மா கிட்டாருன்னா வயிறு பெருத்திருக்கும். இது பை ஒல்லியா இருக்குது, கரண்டுதான். மகளுதுங்களா? பத்தாவதா? நல்லா வாசிக்கட்டும் சார். எங்க எறங்கறீங்க, பல்லடமா? நான் இதே பஸ்ல தாராபுரம் போறேன். அப்ப பல்லடம் வரைக்கும் நேரமிருக்குது. ஒரே ஒரு விசயம் சொல்றேன், கேட்டுக்குங்க.

நான் நாச்சிமுத்துங்க. சூலூர்ல மோட்டார் காயில் கட்டற கடை. கெணத்து மோட்டார், போர் மோட்டார், மில்லு மோட்டார், மிக்சி, கிரைண்டர், எது எரிஞ்சு போய் வந்தாலும் உள்ள இருக்கற பழைய கம்பியை உருவிப்போட்டுப் புதுசாக் கட்டிக் குடுக்கறது நம்ம தொழிலு. முப்பது வருசமாச்சு. நான் கட்டுன மோட்டார் சரியில்லைன்னு இதுவரைக்கும் ஒண்ணு திரும்பி வந்ததில்லீங்க. ரெண்டு வந்துச்சு, அது அவிங்க ஊட்டு வோல்டேஜ் கோளாறு. மூணாவது ஒண்ணு வந்துச்சு, அதுல ஓணான் பூந்துருச்சு. அதை விடுங்க.

எம்பட சம்சாரம் பேரு மரகதம். ஊட்டுலயே தையல் மெசின் வெச்சு ஜாக்கெட்டுத் தெக்கறா. அவளுக்கு ஒரே தம்பி, நந்தகோபால். நந்துன்னு கூப்புடுவோம். அவளுக்கும் அவனுக்கும் பதினாலு வயசு வித்தியாசம், அதனால தம்பின்னு பேரே ஒழிய மகன் மாதிரிதான். அவன் இருமுனா இவளுக்குத் தொண்டை வலிக்கும். டிப்ளமா படிச்சான், வேலைக்குப் போனான், ஒரு வருசத்துல வேலைய உட்டுட்டுக் கிட்டாரு வாங்கிட்டான். நான் ஒண்ணும் சொல்லலீங்க. 'என்ன மாப்ள, அதுக்கு எத்தனை எச்.பி.?'ன்னு மட்டும் கேட்டேன். அதுக்கே மரகதம் ரெண்டு நாள் எங்கூடப் பேசல.

போன பங்குனியில என்ன ஆச்சுன்னா, எம்பட மாமியார் ஊர்ல மாரியாத்தா நோம்பிக்கு இன்னிசைக் கச்சேரி வெச்சிருந்தாங்க. பொள்ளாச்சியிலிருந்து வர்ற குழு. அதை நடத்தறவரு சாந்தகுமார்னு ஒருத்தர், அவரே கீபோர்டு வாசிப்பாரு. அவங்க குழுவுல கிட்டாரு வாசிச்ச பையன் துபாய்க்குப் போயிட்டான். 'நோம்பிக் கச்சேரியில வந்து வாசி தம்பி, நல்லாருந்தா நெரந்தரமா வெச்சுக்கறேன்'னு நந்துகிட்டச் சொல்லிட்டாரு. பையன் தரையில நடக்கவே இல்ல. நோம்பிக்கு இருபது நாள் இருக்கையில பாருங்க, கிட்டாருல ஒரு பிக்கப் செத்துப்போச்சு.

பிக்கப்புன்னா என்னன்னு கேட்டீங்கன்னா, கம்பிக்கு அடியில கறுப்பா பட்டையா ரெண்டு இருக்கும் பாருங்க, அதுதான். மேல கம்பி ஆடுனா அது கரண்டா மாத்தி ஸ்பீக்கருக்கு அனுப்பும். உள்ள ஒண்ணுமில்லீங்க. காந்தம், அதைச் சுத்திச் செப்புக் காயில். மீட்டர் வெச்சுப் பாத்தேன், காயில் அந்துபோயிருக்குது. அதே மாதிரி பிக்கப்பு மெட்ராஸ்ல இருந்து வரணும், வர ஒரு மாசம் ஆகும்னு கடையில சொல்லிட்டாங்களாம். நந்து மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நிக்கறான். மரகதம் என்னையப் பாக்கறா. நான் சொன்னேன், 'காயிலுதான மாப்ள? பத்து எச்.பி.யா இருந்தா என்ன, பத்துக் கிராமா இருந்தா என்ன? நான் கட்டித் தரேன்.'

சொல்லிட்டேன். ஆனா அந்தக் கம்பி எப்படின்னா, தலைமுடியில பாதி கூட இல்லீங்க. மூச்சு விட்டா அந்துபோகுது. என்ற கையப் பாருங்க, இது பம்புசெட்டு கை. அஞ்சு நாள் கடைய மூடிட்டு, மரகதத்தோட தையல் மெசின்ல நூல் சுத்தற சக்கரம் இருக்குமல்ல, அதுல அந்தப் பிக்கப்பை மாட்டி, காலால மிதிச்சு மிதிச்சுச் சுத்துனேன். ஏழாயிரம் சுத்து சுத்தணும். மூவாயிரத்து நானூறு வரைக்கும் எண்ணிட்டு வர்றேன், 'ஏனுங்க, சாப்பாட்டுக்கு ரசம் போதுமா'ங்கறா. எண்ணிக்கை போச்சு. மறுபடியும் மொதல்ல இருந்து. ரெண்டாவது தடவ ஊர்ல இருந்து அத்தை போன் பண்ணுனாங்க. மூணாவது தடவ எண்ணவே இல்ல, நெறையற வரைக்கும் சுத்திட்டேன். நோம்பிக்கு ஜாக்கெட்டுத் தெக்கக் குடுத்தவிங்கெல்லாம் வாசல்ல வந்து நிக்கறாங்க. 'மெசின்ல எங்க ஊட்டுக்காரர் கிட்டாரு தெச்சுட்டிருக்கறாரு'ன்னு மரகதம் சொல்றா. கோவத்துல சொன்னாளோ பெருமையில சொன்னாளோ தெரியல.

இங்கதான் ஒரு விசயம் இருக்குது. நீங்க கவனமாக் கேட்டுக்கோணும்.

பிக்கப்பை மாட்டறதுக்குக் கிட்டாரைத் தொறந்தேன். தொறந்து பாத்தா, உள்ள இருந்து ஒரு கறுப்பு ஒயரு, எர்த் ஒயரு, நேராப் போய், மேல கம்பியெல்லாம் உக்காந்திருக்கற இரும்புத் தகட்டுக்கு அடியில முட்டிட்டு நிக்குது. அதாவது ஒயரு தகட்டுல, தகடு கம்பியில, கம்பி பையனோட வெரல்ல! எத்தனை பேரு மோட்டார் ஸ்டார்ட்டர்ல கைய வெச்சுக் கரண்டுல ஒட்டிக்கிட்டதை நான் பாத்திருக்கறேன் தெரியுமா? நந்து சொன்னான், 'மாமா, அது அப்படித்தான் இருக்கும், எல்லாக் கிட்டாருலயும் இருக்கும்.' நான் கேட்டேன், 'ஏன்டா மாப்ள, நாளைக்கு உன்னைய வெரைச்ச மாதிரி தூக்கிட்டு வந்தா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?' டக்குன்னு வெட்டிட்டேன். சும்மா வெட்டல சார். ரெண்டு முனைக்கும் டேப் சுத்துனேன், மூணு சுத்து. தொழில் சுத்தம்னா அப்படி இருக்கோணும்.

அப்பறம் காயிலை மாட்டி, அவனோட சின்ன ஸ்பீக்கர்ப் பொட்டியில சொருகி வாசிச்சுப் பாத்தோம். ஒரு பிக்கப்புல வாசிச்சா நல்லாருக்குது. இன்னொண்ணுல வாசிச்சா நல்லாருக்குது. ரெண்டையும் சேத்துப் போட்டா, தகர டப்பாவுக்குள்ள கொசு கத்துற மாதிரி கீச்சுன்னு வருது. நந்து அழுகற நெலைக்கு வந்துட்டான். எனக்குச் சிரிப்பு. ஏன்னா, மோட்டார் கட்டறவனுக்கு இது தெனமும் பாக்கறது. மோட்டார் தலைகீழாச் சுத்துச்சுன்னா என்ன செய்வோம்? ரெண்டு முனைய மாத்திக் குடுப்போம். அதே மாதிரி நான் சுத்துன காயிலு தலைகீழாப் பேசுது. இது வான்னா அது போங்குது. ரெண்டு முனைய மாத்தி, ஈயம் உருக்கிப் பத்த வெச்சேன். அவ்வளவுதான், கல்யாண ஊட்டு மேளம் மாதிரி சத்தம் கனமா எறங்குச்சு பாருங்க! நந்து என்னையத் தூக்கிட்டான். 'மாமா, நீங்க விஞ்ஞானி'ன்னான். மரகதம் அடுப்படியில இருந்து ஓடி வந்து பாத்துட்டு, அன்னிக்குப் பணியாரம் சுட்டா. அதோட முடிஞ்சிருந்தா இந்தக் கதையே இல்ல.

பணியாரத்தைத் தின்னுட்டு அக்கடான்னு உக்காந்தப்பத்தான் கேட்டுது. 'ம்ம்ம்ம்ம்ம்'. கிட்டாரை வாசிக்காம வெச்சா இந்த மாதிரி ஒரு இரைச்சல். சத்தத்தைக் கூட்டுனா இரைச்சலும் கூடுது. வாசிக்கையிலயும் பின்னாலயே வருது. கூப்பிடாத ஒறம்பரைச் சொந்தம் வந்து திண்டுல சாஞ்ச மாதிரி, போகவே மாட்டங்குது.

நான் என்ன செஞ்சேன்? மொறையாத் தேடுனேன். தொழில்ல அதுதான் மொதப் பாடம். டியூப்லைட்டை அணைச்சேன். இரைச்சல் இருக்குது. பிரிட்ஜை அணைச்சேன், இருக்குது. பக்கத்து ஊட்டுல போய், 'சித்த டி.வி.ய நிறுத்துங்க'ன்னேன். நாடகம் ஓடிட்டிருக்கற நேரம். அந்தம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. அடுத்த நாள் வீதியில பதினோரு ஊட்டுக்குப் போய்ச் சொன்னேன், நாலு ஊட்டுல நிறுத்துனாங்க, அப்பவும் இருக்குது. கடைசியா எங்க ஊட்டு மெயின் சுச்சை இழுத்தேன் பாருங்க, இரைச்சல் கப்புன்னு நின்னுருச்சு! 'புடிச்சுட்டேன் மாப்ள, புடிச்சுட்டேன்'னு நான் குதிக்கறேன். நந்து இருட்டுக்குள்ள இருந்து பொறுமையாச் சொல்றான், 'மாமா, ஸ்பீக்கரும் நின்னுருச்சு.'

சரி, எர்த் சரியில்லைன்னு முடிவு பண்ணுனேன். மில்லுக்கெல்லாம் எர்த் குழி நான்தான் போடறேன். உப்பு, கரி, உப்பு, கரின்னு அடுக்கித் தண்ணி ஊத்துனா எப்பேர்ப்பட்ட கரண்டும் அடங்கிப் போகும். ஊட்டுக்கு முன்னாடி மரகதத்தோட மல்லிகைச் செடி இருந்துச்சு. அதை வேரோட எடுத்து ஓரமா வெச்சுட்டு, ஆறடிக்குத் தோண்டுனேன். நாலாவது அடியில குடிதண்ணிக் குழாய் ஒடைஞ்சுபோச்சு. அது குழாய் போட்டவன் தப்பு, அவ்வளவு மேலாகவா போடுவாங்க? உப்பு ஒரு மூட்டை, அடுப்புக்கரி ஒரு மூட்டை கொட்டுனேன். கிட்டாருல இருந்து குழி வரைக்கும் ஒயரு இழுத்தேன். 'ம்ம்ம்ம்ம்ம்'. தண்ணிக்கு நடுவுல, பாதுகாப்புக்கு நான் போட்டுக் குடுத்த பலகை மேல நின்னுட்டு நந்து வாசிக்கறான், அப்பவும் 'ம்ம்ம்ம்ம்ம்'.

அப்பத்தான் மரகதம் வாசப்படியில நின்னுட்டு ஒரு வார்த்தை கேட்டா. 'ஏனுங்க, அன்னிக்கு நீங்க ஒரு கறுப்பு ஒயரை வெட்டுனீங்கல்ல, அதனால இருக்குமோ?'

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நோம்பிக்கு எட்டு நாள் இருக்குது, மேலெல்லாம் சேறு, ரெண்டு கையிலயும் கரி. 'காயில் கட்டறவன் நீயா நானா? தையல் மெசின் மிதிக்கறவளுக்குக் கரண்டைப் பத்தி என்னடி தெரியும்?'னு கேட்டுட்டேன். வீதியே பாத்துட்டு இருந்துச்சு.

அவ நேரா உள்ள போனா. துணிமணிய எடுத்தா, தெக்க வேண்டிய ஜாக்கெட்டையெல்லாம் ஒரு மூட்டை கட்டுனா, தையல் மெசினை ஆட்டோவுல ஏத்துனா. மெசினையே ஏத்துனா சார்! சும்மா போறவ மெசினைக் கொண்டுட்டுப் போவாளா? ஆட்டோவுல உக்காந்துட்டுச் சொல்றா, 'நோம்பி மேடையில நந்து கிட்டாரு ஒழுங்காப் பேசட்டும், வர்றேன். பேசலைன்னா நீங்க உங்க மோட்டாருகளோடயே குடித்தனம் பண்ணுங்க.' அவனும் அக்கா பின்னாலயே கிட்டாரைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

எட்டு நாளுங்க. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல அவ எட்டு நாள் இல்லாம நான் இருந்ததில்ல. மெஸ்ஸுல சாப்பிட்டேன். ஊட்டுல பேச ஆளில்லாம ஃபேனைப் பாத்துப் பேசுனேன். அதுல பேரிங் சத்தம் வருது, அதுக்காவது பதில் சொல்லுதேன்னு இருந்துச்சு. நெசமாச் சொல்றேன், ஒரு நாள் அவ உட்டுட்டுப் போன நூல்கண்டைப் பாத்து அழுகை வந்துருச்சு. ஆனா அந்தக் கறுப்பு ஒயரு மட்டும் என்ற ரோசனைக்கே வரல. வரும்ங்களா? பாதுகாப்புக்குச் செஞ்சதை யாராச்சும் கோளாறுன்னு நெனப்பாங்களா?

நோம்பியன்னிக்கு மத்தியானமே மாமியார் ஊருக்குப் போயிட்டேன். மரகதம் என்னையப் பாத்துட்டு ஒரு சொம்புத் தண்ணியத் திண்ணையில வெச்சுட்டு உள்ள போயிட்டா. நேரா மேடைக்குப் போனேன். நாலு மணிக்கு ஒத்திகை. பெரிய பெரிய ஸ்பீக்கரு, நந்து கிட்டாரைச் சொருகுனான் பாருங்க, அந்த 'ம்ம்ம்ம்ம்ம்' ஊரையே புடிச்சு ஆட்டுது. தேங்கா ஒடைக்கறவன் கைய அப்படியே நிறுத்திட்டான். சாந்தகுமார் நல்ல மனுசன், திட்டல. 'தம்பி, கிட்டாரு வேண்டாம். அதை நான் கீபோர்டுலயே பாத்துக்கறேன்'னாரு. நந்து தலையக் குனிஞ்சுட்டான். அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியலீங்க. எனக்குக் கொழந்தையில்ல சார். நாலு வயசுல இருந்து என்ற தோள்ல ஏறி வளந்த பையன்.

ஓடிப்போய், ஒயரு சொருகற எடம் லூசான்னு பாக்கலாம்னு அந்த இரும்பு வளையத்தை இடது கையில புடிச்சேன். குனிஞ்சு பாக்கறதுக்கு அவனையும் குனிய வெக்கோணுமல்ல, வலது கையால அவன் பிடரியப் புடிச்சு அமுக்குனேன். இரைச்சல் நின்னுபோச்சு.

கைய எடுத்தேன். 'ம்ம்ம்ம்ம்ம்'. வெச்சேன், நின்னுச்சு. சட்டை மேல வெச்சா நிக்கல, தோலு மேல வெச்சாத்தான் நிக்குது. சாந்தகுமார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் போட்டுப் பாக்கறாரு. நந்து சொன்னான், 'மாமா, வேற ஒண்ணுமில்ல, அந்த வளையத்துல இருந்து ஒரு ஒயரு இழுத்து என்ற கால்ல கட்டி விட்டுருங்க, போதும்.'

நான் சத்தம் போட்டுட்டேன். 'ஒயரை உன்ற ஒடம்புல கட்டறதா? நான் உசுரோட இருக்கையிலயா? ஒயரு என்ற கையில இருக்கட்டும், என்ற கை உன்ற கழுத்துல இருக்கட்டும். ஷாக்கு வந்தா மொதல்ல எனக்கு வரட்டும்டா!' அப்படியே வந்தாலும் என்ற வழியா அவனுக்கும்தான் போகும்னு அந்த நேரத்துல தோணலீங்க. திரும்பிப் பாத்தா, மேடைக்குக் கீழ மரகதம் காப்பிச் சொம்போட நிக்கறா. எல்லாத்தையும் கேட்டுட்டா. சொம்பை மேடை மேல வெச்சுட்டு முந்தானையால மூக்கைத் தொடச்சுட்டுப் போயிட்டா.

ஆறரை மணிக்குக் கச்சேரி. நந்து முன்னாடி, நான் பின்னாடி. இடது கையில ஒயரு, வலது கை அவன் பிடரியில. பையன் சும்மா நின்னு வாசிக்கறவனா? குதிப்பான். அவன் இந்தப் பக்கம் போனா நானும் போறேன், அவன் குனிஞ்சா நானும் குனியறேன், அவன் துள்ளுனா நானும் துள்ளறேன். எனக்கு வயசு அம்பத்தொண்ணு. ஆனா சத்தம் சார்! சுத்தமா, தேனு மாதிரி. நான் சுத்துன காயிலு.

மூணாவது பாட்டுல பாத்தா, கூட்டத்துல பொம்பளைகெல்லாம் எந்திரிச்சுக் கும்புடறாங்க. எனக்குப் புரியல. பொறவு புரிஞ்சுது. நோம்பி சமயம், பையன் தலைய ஆட்டி ஆட்டிக் குதிக்கறான், பின்னால ஒருத்தன் விடாமப் புடிச்சுட்டு நிக்கறான். பையனுக்குச் சாமி வந்துருச்சுன்னு நெனச்சுட்டாங்க. ஒரு பெரியம்மா மேடையேறி வந்து நந்து வாயில எலுமிச்சம்பழத்தைச் சொருகிட்டாங்க. அவன் வாசிக்கறதை நிறுத்த முடியுமா? பழத்தோடயே வாசிக்கறான். இன்னொரு அம்மா என்ற காதுகிட்ட வந்து, 'சாமி, எம்பட மகனுக்கு இந்த வருசம் கல்யாணம் ஆகுங்களா?'ன்னு கேக்கறாங்க. நந்து தாளத்துக்குத் தலைய ஆட்டுறான். அந்தம்மா அப்படியே கன்னத்துல போட்டுக்கிட்டு எறங்கிப் போயிட்டாங்க. அந்தப் பையனுக்கு ஆவணியில கல்யாணம் ஆயிருச்சுங்க. சத்தியமா.

அப்பறமேட்டுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. மரகதம் அன்னிக்கே தையல் மெசினோட ஊட்டுக்கு வந்துட்டா. சாந்தகுமார் நந்துவைக் குழுவுல சேத்துக்கிட்டாரு. என்னையும் சேத்துக்கிட்டாரு! ஊரு ஊராக் கூப்புடறவிங்க, 'கழுத்தப் புடிக்கறவரு வருவாருங்களா?'ன்னு கேட்டுட்டுத்தான் தேதி சொல்றாங்களாம். அன்னூர், குண்டடம், வெள்ளகோயில்னு போயிட்டே இருக்கறேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் மரகதம் வர்றா. இன்னிக்குக் கூட வேன்ல முன்னாலயே போயிட்டா. வேன்ல எனக்கு எடமில்ல. ஸ்பீக்கரெல்லாம் இருக்குதல்ல.

பல்லடம் இன்னும் வரலீங்களே? அப்பச் சொல்லிர்றேன்.

நாலு வாரத்துக்கு முன்னாடி ஒரு கச்சேரியில எனக்குத் தும்மல் வந்துருச்சு. அடக்கிப் பாத்தேன், முடியல. ரெண்டு கையையும் விட்டுட்டு, ஒண்ணுக்கு ரெண்டாத் தும்முனேன். இரைச்சல் வரலீங்க. பயந்துபோய் மறுபடியும் ஓடிப் புடிச்சேன். அப்பறம் மெதுவா ஒரு கைய எடுத்துப் பாத்தேன். வரல. ரெண்டு கையையும் எடுத்தேன். வரல. நான் மொதல்ல என்ன நெனச்சேன்னா, இத்தனை நாள் புடிச்சதுல என்ற ஒடம்பு சக்தி கிட்டாருக்குள்ள எறங்கிருச்சுன்னு நெனச்சேன். சிரிக்காதீங்க சார்.

அடுத்த நாள் நந்து கிட்டாரை எங்க ஊட்டுல வெச்சுட்டு எங்கியோ போயிருந்தான். தொறந்து பாத்தேன். அந்தக் கறுப்பு ஒயரு, நான் வெட்டுனேனல்ல, அதை ரெண்டு முனையும் சேத்து ஒட்டியிருக்குது. நான் சுத்துன டேப்பை அவுத்துட்டு ஒட்டியிருக்குது. தூசி படிஞ்சிருக்கறதைப் பாத்தா நோம்பி முடிஞ்ச வாரமே ஒட்டுன மாதிரித் தெரியுது. அப்பன்னா இத்தனை மாசமா நான் புடிச்சுட்டு நின்னது, குதிச்சது, எல்லாம் சும்மா. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. முப்பது வருசத்துல எம்பட கை பட்ட ஒண்ணை இன்னொருத்தன் சரி பண்ணுனது அதுதான் மொதத் தடவ. இரைச்சலை அடக்கறதே அந்த எர்த் ஒயருதான், அதை வெட்டுனது நான்; அப்ப அந்த இரைச்சலுக்குக் காரணம் நானேதான். ஒரு வாரமா வீதி பூரா போய்த் தேடுனேனே, அது நானு.

அப்ப மரகதம் காப்பி கொண்டாந்தா. தொறந்து கெடக்கற கிட்டாரைப் பாத்தா, என்ற மூஞ்சியப் பாத்தா. நான் தலைய நிமுத்தவே இல்ல. அவ காப்பிய வெச்சுட்டுச் சொல்றா, 'அவனுக்குப் பத்த வெக்கத் தெரியாதுங்க. ஈயம் சரியாப் புடிக்கல பாருங்க, நீங்க ஒருக்கா நல்லாக் கெட்டியா வெச்சுக் குடுங்க.'

அவ்வளவுதான் சார். அவளுக்கு மொதல்ல இருந்தே தெரியும். நந்துகிட்ட, 'மாமாகிட்டச் சொல்லிராத'ன்னு சொன்னதே அவதான்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அன்னிக்கு வீதியில நான் அவளைச் சொன்ன சொல்லுக்கு, அவ என்னைய என்ன வேணும்னாலும் கேட்டிருக்கலாம். கேக்கல. நான் மன்னிப்புக் கேக்கலாம்னு வாயெடுத்தேன். நமக்கு அது வராதுங்களே. காப்பிய ஒரு வாய் குடிச்சுட்டு, 'காப்பி நெம்ப நல்லாருக்குது அம்மிணி'ன்னேன். இருபத்திரண்டு வருசத்துல அந்த மாதிரி நான் சொன்னதே இல்ல. அவ, 'சக்கரை போட மறந்துட்டேனுங்க'ங்கறா. ரெண்டு பேரும் சிரிச்சோம் பாருங்க, பக்கத்து ஊட்டம்மா டி.வி.ய நிறுத்திட்டு எட்டிப் பாத்தாங்க.

ஒயரை நல்லாச் சொரண்டி, ஈயம் வெச்சு, பளபளன்னு ஒட்டுனேன். இனி அம்பது வருசத்துக்கு அசையாது. மூடிய முடுக்குனேன். யாருகிட்டயும் சொல்லல. நந்துவுக்கும் நான் பாத்தது தெரியாது. தப்பு என்னுதுதானுங்க. இதை வாய்விட்டுச் சொல்றது உங்ககிட்டத்தான், ஏன்னா நீங்க பல்லடத்துல எறங்கிருவீங்க.

பொறவு எதுக்கு இன்னிக்குத் தாராபுரம் போறேன்னு கேக்கறீங்களா? அதெப்படிப் போகாம இருக்கறது? நீலச் சட்டைய அவளே தேச்சுக் குடுத்திருக்கறா. மேடையில நான் நிக்கையில கூட்டம் பூரா நந்துவைத்தான் பாக்குது. மரகதம் மட்டும் முன்னாடி சேர்ல உக்காந்துட்டு என்னையவே பாக்கறா. கல்யாண மேடையில கூட அவ என்னைய நிமுந்து பாக்கலீங்க. இப்ப ரெண்டரை மணி நேரம், வெச்ச கண்ணு வாங்காமப் பாக்கறா. கை மரத்துத்தான் போகுது. போனாப் போகட்டுங்க.